கொடுக்கன் காத்திருந்த ஓடு

ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சின்னக் கடல் இருந்தது. அந்தக் கடலில் கொடுக்கன் என்று ஒரு துறவி நண்டு இருந்தான்.

பெயர்தான் துறவி. ஆசைக்குக் குறைச்சல் கிடையாது. துறவி நண்டுக்குச் சொந்தமாக ஓடு முளைப்பதில்லை. எந்த நத்தையோ விட்டுப்போன காலி ஓட்டுக்குள் பின்பக்கத்தைச் சொருகிக்கொண்டு, அதையே வீடாக இழுத்துக்கொண்டு அலையும். முன்பக்கம் கொடுக்கும் காலுமாக முரட்டு ஆள் மாதிரித் தெரியும். பின்பக்கம் வயிறு மட்டும் வெண்ணெய். ஒரு மீன் ஒரு கடி கடித்தால் போதும், ஆள் காலி!

கொடுக்கனுக்கு வந்த கஷ்டம் என்னவென்றால், அவன் வளர்ந்துவிட்டான், ஓடு வளரவில்லை. மீன் பக்கத்தில் வந்தால் முழுசாக உள்ளே ஒடுங்க முடியவில்லை. இரண்டு கால் வெளியே நீட்டிக்கொண்டே நின்றன. இருக்கிற ஓடு இறுக்கிப் பிடித்தது. வேறு ஓடோ தொட்டியில் எங்கும் கண்ணில் படவில்லை. ஒரு பெரிய ஓடு கிடைக்காவிட்டால் இன்றோ நாளையோ எவன் வாயிலாவது போகவேண்டியதுதான் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பயம் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

தொட்டி இருந்தது தூத்துக்குடியில், ரீட்டா டீச்சர் வீட்டு முன்னறையில். முதலில் டீச்சர் அழகழகான மீன்களையும் பவளங்களையும்தான் வாங்கிவந்தார். ஒரே மாதத்தில் கண்ணாடி பச்சையாகிவிட்டது. மணல் அழுகல் நாற்றம் அடித்தது. டீச்சர் அலறியடித்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் சிரித்தார். "டீச்சர், விலை கூடின மீனுங்க அழுக்காக்கத்தான் செய்யும். அதைத் திங்கதுக்கு விலை குறைஞ்சது நாலு வேணும்லா!" என்று சொல்லி ஒரு பையில் நத்தைகளைப் போட்டுக் கொடுத்தார். கொடுக்கனைக் கொசுறாகப் போட்டார். ஆமாம், கத்தரிக்காயோடு கருவேப்பிலை வருவது போலத்தான் நம் கொடுக்கன் அந்த வீட்டுக்கு வந்தான்.

ஆனால் கொசுறுக்கும் ஒரு வேலை இருந்தது. பாறை இடுக்கில் விழும் மிச்சம் மீதியைக் கொடுக்கன் தின்றான். கண்ணாடியிலும் பாறையிலும் படரும் பாசியைப் பெரிய நத்தை சுரண்டினார். அவருக்குப் பாசி அண்ணாச்சி என்று பெயர். மணலுக்குள் மூக்கனும் மூக்காயியும் இருந்தார்கள். அவர்களும் நத்தைகள்தான், புருஷன் பெண்டாட்டி. உடம்பெல்லாம் மணலுக்குள் இருக்கும், தும்பிக்கை போல ஒரு மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எங்காவது தீனி வாசனை அடித்தால் மணலைப் பிளந்துகொண்டு இரண்டு பேரும் கிளம்பிவருவார்கள். தீனி வாசனை இல்லையென்றால் வீடே தீப்பிடித்தாலும் வரமாட்டார்கள்!

பாசி அண்ணாச்சி நல்லவர். மலை மாதிரிக் கனம், மலை மாதிரிப் பொறுமை. அவருக்கு ஒரே ஒரு குறை. பாறையிலிருந்து வழுக்கி மல்லாந்து விழுந்துவிட்டால் தானாக நிமிர முடியாது. பாதத்தை ஆட்டிக்கொண்டு கிடப்பார். அப்படியே விட்டுவிட்டால் செத்தே போவார்.

அதனால் ரீட்டா டீச்சருக்கு ஒரு வழக்கம். காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால் கையைத் தொட்டிக்குள் விடுவார். "என்ன அண்ணாச்சி, இன்னிக்கும் விழுந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே நத்தையை நிமிர்த்தி வைப்பார். அப்புறம்தான் காப்பி.

அண்ணாச்சி விழுவதெல்லாம் ஒரே இடத்தில்தான். தொட்டியின் பின்பக்கம் ஒரு செங்குத்தான பாறை. அதில் ஏறி, அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது சரியாக வழுக்கிவிடுவார்.

கொடுக்கன் ஒருநாள் கேட்டேவிட்டான். "ஏன் அண்ணாச்சி, இம்புட்டு இடம் கெடக்கு! அந்தப் பின்பாறையிலதான் ஏறணுமா? அங்க என்ன பாசியா கொட்டிக் கெடக்கு?"

"அங்க எனக்கு ஒரு வேலை இருக்கு தம்பி" என்றார் அண்ணாச்சி. அதற்கு மேல் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை ரீட்டா டீச்சர் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். மூன்று நாள் பயணம். "மூணு நாள் பட்டினி கெடந்தா மீன் சாகாது, அள்ளிப் போட்டாத்தான் சாகும்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் டீச்சர் காலையில் அளவாக நாலு இறால் துண்டைப் போட்டார், அண்ணாச்சியை ஒரு தடவை நிமிர்த்தி வைத்தார், வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்.

கொடுக்கன் கெட்டிக்காரன். மூன்று நாள் பட்டினி என்று தெரிந்ததும், ஒரு இறால் துண்டைத் தின்னாமல் இழுத்துப்போய்ப் பாறை இடுக்கில் ஒளித்து வைத்துக்கொண்டான்.

மத்தியானம் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பாசி அண்ணாச்சி வழக்கம் போலப் பின்பாறைக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார், வழக்கம் போல விழுந்துவிட்டார். பாறையடி மணலில் மல்லாந்து கிடந்தார். வெளுத்த பாதம் இப்படியும் அப்படியும் தடவியது. பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை. வழக்கமாக வரும் கை மட்டும் இந்தத் தடவை நாகர்கோவிலில் இருந்தது.

"ஐயோ, அண்ணாச்சி!" என்று கொடுக்கன் ஓடினான்.

பாதி வழியில் ஆறுவரியான் குறுக்கே வந்தான். ஆறுவரியான் ஒரு மீன். சிவந்த உடம்பில் ஆறு நீலக் கோடு. பார்க்க லட்சணமாக இருப்பான். பேச்சு அதைவிட லட்சணமாக இருக்கும். அதுதான் ஆபத்து.

"எங்க மாப்ள, இம்புட்டு வேகமா?" என்றான்.

"அண்ணாச்சி விழுந்துட்டாரு! நிமித்தப் போறேன்."

"நிமித்து, நிமித்து. நல்ல காரியந்தான்." ஆறுவரியான் ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். "ஆனா அவரு ஓட்டைப் பாத்தியா? என்னா அகலம்! என்னா வழவழப்பு! உன் அளவுக்குத் தச்சது மாதிரியே இருக்கு."

கொடுக்கன் பார்த்தான். இத்தனை நாளும் அதை அண்ணாச்சியாகத்தான் பார்த்திருந்தான். இன்றைக்குத்தான் ஓடாகப் பார்த்தான்.

"நீ ஒண்ணும் கெடுதல் செய்ய வேண்டாம் மாப்ள. கொல்லச் சொன்னேனா? இல்லவே இல்ல! பக்கத்துல சும்மா உக்காரு. தானா முடிஞ்சிரும். முடிஞ்ச உடனே உன் ஓட்டை விட்டு வெளிய வா, அதுக்குள்ள புகுந்துக்க. டீச்சர் வந்தாலும் உன்னை ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாது!"

சும்மா உட்காருவது! கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். கெட்டதைச் செய் என்று சொல்லியிருந்தால் கொடுக்கன் முறைத்திருப்பான். ஒன்றும் செய்யாதே என்றதும் அவனுக்குத் தப்பாகவே தெரியவில்லை. இறுகிப்போன ஓடு வேறு வயிற்றைப் பிடித்து நெரித்தது. அண்ணாச்சிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்தான், உட்கார்ந்தான், உட்கார்ந்துகொண்டே இருந்தான்.

சாயங்காலம் தொட்டி விளக்கு தானாக அணைந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு எரிந்தது. அப்போதும் அதே இடத்தில்தான் இருந்தான். அண்ணாச்சியின் பாதம் இப்போது அவ்வளவு வேகமாக ஆடவில்லை. எப்போதாவது ஒரு தடவை மெல்ல அசைந்தது. கொடுக்கன் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தான். ஆனால் ஓட்டின் வாய் எத்தனை அகலம் என்று மட்டும் கொடுக்கால் இரண்டு தடவை அளந்துகொண்டான்.

"தம்பி கொடுக்கா" என்று அண்ணாச்சி கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது.

கொடுக்கனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன அண்ணாச்சி?"

"நேத்திலேருந்து நகராமக் காவல் உக்காந்திருக்கியே! நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ ஒருத்தன் பக்கத்துல இருக்கதே எனக்குப் பெரிய தெம்பு. பசிக்கும், நீ போய்ச் சாப்பிடுப்பா."

கொடுக்கன் ஓட்டை அளந்த கொடுக்கை மெதுவாக மடக்கிக்கொண்டான்.

"இன்னொண்ணு தம்பி. மல்லாந்து கெடந்தா மேல நடக்கதெல்லாம் நல்லாத் தெரியுது. அந்த ஆறுவரியான் நேத்திலேருந்து வட்டம் போடுதான். என் தலைக்கு மேல போட்டா நாயம் உண்டு. உன் தலைக்கு மேலல்லா போடுதான்! என்ன ஆனாலும் சரி, ஓட்டை விட்டு வெளிய வந்துராத. கேட்டியா?"

கொடுக்கன் மெதுவாக மேலே பார்த்தான். ஆமாம். ஆறுவரியான் நேர் மேலே, தண்ணீரில் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். அவன் கண் அண்ணாச்சி மேல் இல்லை. கொடுக்கனின் பின்பக்கத்தின் மேல் இருந்தது. பழைய ஓட்டிலிருந்து புது ஓட்டுக்குத் தாவுகிற அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை இனிக்க இனிக்கப் பேசியிருக்கிறான்!

கொடுக்கனுக்குப் பயம் வந்தது. ஆனால் பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக வந்தது. சாகக் கிடக்கிறவர் நம் உயிருக்காக எச்சரிக்கை சொல்கிறார். நாமோ அவர் ஓட்டுக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறோம்! இதற்குமேல் ஒரு நிமிடம்கூட அவனால் அங்கே உட்கார முடியவில்லை.

எழுந்தான். தோள் கொடுத்துத் தள்ளினான். அண்ணாச்சி அசையவில்லை. காலை ஊன்றி, பல்லிருந்தால் பல்லைக் கடித்திருப்பான், மறுபடியும் தள்ளினான். அண்ணாச்சி ஒரு மணல் அளவு ஆடிவிட்டுப் பழையபடி படுத்தார்.

"விட்டுரு தம்பி. உன் கனத்துக்கு நடக்காது" என்றார்.

"நடக்கும் அண்ணாச்சி! இருங்க!"

தனியாக முடியாது. துணைக்கு ஆள் வேண்டும். மூக்கனையும் மூக்காயியையும் கூப்பிட்டால்? ஓடிப்போய் மணலில் நீட்டிக்கொண்டிருந்த மூக்குக்குப் பக்கத்தில் நின்று கத்தினான். "மூக்கண்ணே! மூக்காயி மைனி! அண்ணாச்சி சாகக் கெடக்காரு, வாங்க!"

"சாப்பாடா?" என்றது ஒரு மூக்கு.

"சாப்பாடு இல்ல! அண்ணாச்சி!"

"அப்ப அப்புறமா வாரோம்" என்று இரண்டு மூக்கும் சேர்ந்தாற்போல் மணலுக்குள் போய்விட்டன.

அவர்களைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அவர்கள் பிறவி அப்படி. கொடுக்கன் ஒரு நொடி நின்று யோசித்தான். பிறகு நேராகப் பாறை இடுக்குக்கு ஓடினான். ஒளித்து வைத்திருந்த இறால் துண்டை வெளியே இழுத்தான். நேற்றிலிருந்து அவனும் ஒன்றும் தின்னவில்லை. வாசனை குப்பென்று ஏறியது. கொடுக்கு தானாக வாய்ப்பக்கம் போனது. அதை அதட்டி இறக்கிக்கொண்டு, துண்டை அண்ணாச்சியிடம் கொண்டுவந்தான். அவருடைய ஓட்டின் ஒரு ஓரத்தில் மணலைத் தோண்டி, அடிப்பக்கமாக ஆழத்தில் திணித்து வைத்தான்.

அவ்வளவுதான். மணல் குமிழ்ந்தது!

"மூக்காயி, இறால்டீ!"

"நான்தான் முதல்ல மோந்தேன்!"

மணலுக்கு அடியிலிருந்து இரண்டு பேரும் முட்டிமோதிக்கொண்டு வந்தார்கள். இறால் இருந்தது ஓட்டுக்கு நேர் கீழே. முட்டிய முட்டில் ஓட்டின் அந்த ஓரம் மேலே எழும்பியது.

"இன்னும் உள்ள இருக்கு மைனி! நல்லா முட்டுங்க!" என்று கத்திக்கொண்டே கொடுக்கன் அந்த ஓரத்துக்கு அடியில் கொடுக்கைக் கொடுத்து நெம்பினான். அண்ணாச்சி சாய்ந்தார். இன்னும் சாய்ந்தார். அவருடைய பாதம் நீண்டு, துழாவி, பக்கத்திலிருந்த பாறையின் நுனியைத் தொட்டது. தொட்டதும் பிடித்துக்கொண்டது.

பொத்தென்று அண்ணாச்சி நிமிர்ந்தார்!

மூக்கனும் மூக்காயியும் இறாலைத் தின்றுவிட்டு, என்ன நடந்தது என்றுகூடக் கேட்காமல் மணலுக்குள் போய்விட்டார்கள். அண்ணாச்சி வெகுநேரம் பாறையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு தன் இரண்டு உணர்கொம்புகளையும் வெளியே நீட்டினார்.

"என் உசிரைக் காப்பாத்திட்ட தம்பி" என்றார்.

இந்த இடத்தில் கொடுக்கன் சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவனால் முடியவில்லை. "நான் காவலுக்கு உக்காரல அண்ணாச்சி. நீங்க எப்பச் சாவீங்கன்னு உக்காந்திருந்தேன். உங்க ஓடு எனக்கு வேணும்னு உக்காந்திருந்தேன்" என்று சொல்லிவிட்டான்.

அண்ணாச்சியின் கொம்புகள் இரண்டும் உள்ளே போய்விட்டன.

பிறகு ஒரு கொம்பு மட்டும் வெளியே வந்தது. "அப்புறம் எதுக்கு நிமித்தின?"

"நீங்க காவல்னு சொன்னீங்க. என்னைப் பத்திரமா இருன்னு சொன்னீங்க. அதைக் கேட்டதுக்கப்புறம் அங்க உக்கார முடியல."

இரண்டாவது கொம்பும் வெளியே வந்தது. அண்ணாச்சி கொடுக்கனை மேலும் கீழும் பார்த்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலையும் பார்த்தார். "உனக்கு ஓடு இம்புட்டு இறுக்கமாவா இருக்கு? இத்தனை நாளா ஏம்ல சொல்லல? வா, என் பின்னால வா" என்று பாறையில் ஏறத் தொடங்கினார்.

பின்பாறையின் அந்தப் பக்கம் ஒரு சின்னக் குகை. டீச்சர் கைக்கு எட்டாத இடம், கண்ணுக்கும் தெரியாத இடம். உள்ளே ஒரு காலி ஓடு கிடந்தது. அண்ணாச்சி ஓடு மாதிரியே அகலம். ஒரு துளிப் பாசி இல்லாமல் பளபளவென்று இருந்தது.

"இது யாரு ஓடு அண்ணாச்சி?"

"என் தம்பியோடது" என்றார் அவர். "உன்கூட ஒரே பையிலதான் ரெண்டு பேரும் வந்தோம், உனக்கு நெனப்பிருக்காது. வந்த வாரமே இங்க விழுந்துட்டான். ரெண்டு நாளாக் கூப்பிட்டான். நான் முன்கண்ணாடியில இருந்தேன். கூப்பிட்ட உடனே கிளம்பிட்டேன் தம்பி. ஆனா நான் மெதுவாத்தான வருவேன். நான் வந்து சேந்தப்ப அவன் கூப்பிடதை நிறுத்திட்டான்."

கொடுக்கன் அந்த ஓட்டை ஒரு கால் நுனியால் மெல்லத் தொட்டான்.

"அதுலேருந்து தினமும் வந்து ஓட்டைச் சுத்தம் பண்ணிட்டுப் போறேன். பாசி புடிச்சுக் கெடந்தா எனக்குத் தாங்காது. இனிமே இது உனக்கு. எடுத்துக்க."

கொடுக்கன் தயங்கினான். குகை வாயில் ஆறு நீலக் கோடு மின்னி மறைந்தது. ஆறுவரியான் பின்னாலேயே வந்திருந்தான்!

"அண்ணாச்சி, நான் வெளிய வந்தா அவன் கடிச்சிருவான்!"

"எதுக்கு நான் இருக்கேன்?" அண்ணாச்சி மெதுவாகத் திரும்பினார். மெதுவாக ஊர்ந்துபோய்க் குகை வாயில் தன் ஓட்டை வைத்து அடைத்தார். பிறகு பாதத்தைப் பாறையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஓர் ஊசிகூட உள்ளே நுழைய இடமில்லை. "இப்ப ஓட்டை மாத்துல! அவசரமே படாத. நான் காவல் இருக்கேன்."

ஆறுவரியான் வேகமாகப் பாய்ந்து வந்தான். டொக்! அவன் வாய் ஓட்டில் மோதியது. இன்னொரு பக்கமாக வந்தான். டொக்! உள்ளே கொடுக்கன் பழைய ஓட்டைக் கழற்றினான். வெண்ணெய் வயிறு நடுங்கிக்கொண்டே புது ஓட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. காலை இழுத்தான். எல்லாக் காலும் உள்ளே வந்தன! கொடுக்கையும் இழுத்துக் கதவு மாதிரி மூடிக்கொண்டான். எத்தனையோ மாதம் கழித்து முதல் தடவையாக முழுசாக ஒடுங்கினான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரீட்டா டீச்சர் திரும்பிவந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல், "அண்ணாச்சி! அண்ணாச்சி!" என்று பதறிக்கொண்டு தொட்டிக்கு ஓடினார். சட்டென்று நின்றார். பாசி அண்ணாச்சி முன்கண்ணாடியில் நிமிர்ந்து உட்கார்ந்து பாசி சுரண்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஆறுவரியான் வீங்கின வாயோடு பாறை மறைவில் நின்றுகொண்டிருந்தான்.

"அட! மூணு நாளா விழாமயா இருந்தீரு!" என்று டீச்சர் சிரித்தார்.

அதற்குப் பிறகு பாசி அண்ணாச்சி பின்பாறைக்குப் போகவே இல்லை. போக வேண்டிய தேவை இல்லை. தம்பியின் ஓடுதான் தொட்டி முழுக்க நடந்து திரிகிறதே! தினமும் காலையில் கொடுக்கன் அவருக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். அவர் மெதுவாக மேலே ஏறி, ஓட்டில் படிந்த பாசியை ஒரு துளி விடாமல் சுரண்டுவார்.

"சீக்கிரம் அண்ணாச்சி! வேலை கெடக்கு!" என்பான் கொடுக்கன்.

"இருல தம்பி. நான் மெதுவாத்தான வருவேன்" என்பார் அண்ணாச்சி.

கொடுக்கனும் அசையாமல் நிற்பான், அவர் முடிக்கிறவரைக்கும்.

விழுந்து கிடப்பவரின் சொத்துக்குக் காத்திருக்காமல் அவரைத் தூக்கி நிறுத்துகிறவனுக்கு, வேண்டியதும் கிடைக்கும், வேண்டியவரும் கிடைப்பார்.